சொல்லாத சாவு

அந்தப் பொட்டலத்த மேல வைக்காத பிள்ள. பஸ்ஸு குலுங்குற குலுக்குல நொறுங்கிப் போவும். குடு, எம் மடியிலயே இருக்கட்டும். நீ ஜன்னல் பக்கம் நகந்துக்கோ. எனக்கு வெளிய பாக்க ஒண்ணும் இல்ல. மாடு, புல்லு, மழை, அப்புறம் திரும்பவும் மாடு.

நீ போன்ல தமிழ்ல பேசுனத கேட்டுட்டுத்தான் எந்திரிச்சு வந்து இங்க உக்காந்தேன். எந்த ஊரு? திண்டுக்கல்லா? சரி. எனக்குத் தூத்துக்குடி. பேரு பனிமயம். இந்த ஊரு வெள்ளக்கார ஆளுக வாயில அது முழுசா வராது, பாதிய முழுங்கிட்டு பன்னி, பன்னின்னு கூப்பிடுவாவ. ஆமா, சிரி. மொத நாளு நானும் எங்க வீட்ல அவியளும் சிரியா சிரிச்சோம். இப்ப பழகிப்போச்சு.

நர்சுதான நீயும்? பாத்தாலே தெரியுது, அந்தச் செருப்பு. வேலையெல்லாம் பழகிரும், அதப்பத்திக் கவலப்படாத. நானும் இந்த டவுன்ல முதியோர் இல்லத்துலதான் வேல பாக்கேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோ. இந்த ஆளுகள நம்பாத. சிரிச்சுப் பேசுவாவ. உள்ள வா, உக்காரு, டீ குடின்னு கப்புக்கு மேல கப்பு ஊத்துவாவ. செத்துப்போனா மட்டும் சொல்ல மாட்டாவ.

என்ன முழிக்க? நெசமாத்தான். எங்க பக்கத்து வீட்டுக் கிழவி செத்துப்போயிட்டா. எனக்கு ஒருத்தரும் சொல்லல. எங்க ஊர்ல இப்படி நடந்தா என்ன ஆகும் தெரியுமா? ஏழு தலைமுறைக்குப் பேச்சுவார்த்த நின்னு போவும். எங்க பெரியப்பா செத்ததுக்கு மணப்பாட்டுச் சித்தப்பா வீட்டுக்கு ஆளு விட மறந்துட்டாவன்னு, அவரு சாவுற வரைக்கும் எங்க வீட்டுப் படி மிதிக்கல. அதுதான மரியாத? ஆளு வந்து, வாசல்ல நின்னு, இன்னாரு இறந்துட்டாரு, இன்ன நேரத்துக்கு எடுக்கோம்னு வாயத் தொறந்து சொல்லணும். சொன்னா ஓடணும். சொல்லலன்னா நீ எனக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்.

அவ பேரு பிரைடி. பக்கத்து வீடுன்னா நம்ம ஊரு மாதிரி சுவத்தோட சுவரு இல்ல. நடுவுல ரெண்டு வயக்காடு கெடக்கு. எங்க ரோட்டுல கடைசி வீடு அவளுது, அதுக்கு முந்துன வீடு எங்களுது. அவ வண்டிய எடுத்தா எங்க வாசல் தாண்டித்தான் கோயிலுக்குப் போவணும்.

கல்யாணம் கட்டாத கிழவி. வாயி இருக்கே, அம்மாடி! ரேடியோவுல குதிரப் பந்தயம் போட்டு வச்சு, தோத்த குதிரையையும் அது ஏறி வந்தவனையும் சேத்து வையுவா. அடுத்த நிமிசம் செபமாலையக் கையில எடுத்துருவா. அதுவும் குதிரைய விட வேகமா ஓடும். நான் பாதி அருள்நிறை மரியே சொல்லி முடிக்கும்போது அவ அடுத்த மணிக்குப் போயிருப்பா. சாய்ங்காலம் வேல முடிஞ்சு வந்ததும் நேரா அங்கதான் போவேன். பிரஷர் பாப்பேன், கால்ல வீக்கம் இருக்கான்னு பாப்பேன், அடுப்புல நாலு கட்டி போட்டு வருவேன். கட்டின்னா விறகு இல்ல. இங்க சதுப்பு நிலத்துல மண்ண செங்கலு மாதிரி வெட்டி, காய வச்சு, அதத்தான் எரிக்கது. எங்க வீட்ல அவிய, கஸ்பாரு, வெயில்காலத்துல ரோட்டுக்காரவியளோட சேந்து குனிஞ்சு குனிஞ்சு அந்தக் கட்டியத் திருப்பிப் போட்டு, இடுப்பு புடிச்சுப்போயி வந்து படுத்தாவ. யாருக்காக? பிரைடி அடுப்புக்காக. நான் இதெல்லாம் ஒருத்தருக்கும் சொல்லிக் காட்டல. உங்கிட்டதான் சொல்லுதேன்.

ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா அவ வண்டி எங்க கேட்டுல வந்து நிக்கும். கதவத் தட்டவே மாட்டா. இறங்கவும் மாட்டா. ஹாரன அமுக்குவா, பாம், பாம்னு. நான் தலமுடிய அள்ளிச் சொருகிட்டு ஓடி வந்து ஏறணும். நான் ஏறுற வரைக்கும் வண்டி நகராது. ஒரு நாளு சேல கட்ட நேரமாயிப்போச்சு. பின்னால டிராக்டர்க்காரன் நின்னு கத்துதான், அவ அசையலியே! பூசைக்குப் பிந்திப்போயி, சாமியாரு பிரசங்கத்துக்கு நடுவுல ரெண்டு பேரும் உள்ள நுழைஞ்சோம். அவரு பேச்ச நிறுத்திட்டுப் பாக்காரு. கிழவி அவரப் பாத்து, நீங்க நிறுத்தாதீய, நடத்துங்கன்னு கையக் காட்டுதா.

எனக்கு அவளப் பிடிக்கும் பிள்ள. என்ன சொல்ல, ரொம்பப் பிடிக்கும்.

அதான் இவ்வளவு வயித்தெரிச்சலு.

ஆவணி... இங்க ஆகஸ்டுன்னு வச்சுக்கோ. நெஞ்சுல சளி கட்டி கிழவிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ. நான் போயிப் பாத்தேன். தல வாரிவிட்டேன். வீட்டுக்குப் போறப்போ வண்டிய நான்தான் ஓட்டுவேன், அந்த நூலா கண்ணு தெரியாம ஓட்டுவான்னு என்னமோ பேசுனா. நூலான்னா பிரைடிக்கு அண்ணன் மக. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு. அந்த ரோட்டுல எது நடந்தாலும் அவதான் ராணி. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு என்னப் பாத்து சிரிச்சா. அவ போன்ல எங்க நம்பரும் இருக்கு. ஞாபகம் வச்சுக்கோ, நம்பரு இருக்கு.

அதுக்கப்புறம் ரெண்டு நாளு கழிச்சு, நான் லீவுல வீட்ல இருக்கேன். பாத்தா, ரோட்டுல காரு. ஒண்ணு பின்னால ஒண்ணு. எல்லாம் பிரைடி வீட்டப் பாத்துப் போவுது. மஞ்சச் சட்ட போட்டுட்டு ரெண்டு பேரு நின்னு, வயக்காட்டத் தொறந்து விட்டு, வண்டிய உள்ள நிறுத்தச் சொல்லுதாவ. எங்க ரோட்டுல ஒரு நாளைக்கு ஆறு காரு போனாலே அதிகம். கஸ்பாரு வெளிய எட்டிப் பாத்துட்டு வந்து, முடிஞ்சுபோச்சு போலட்டி, வீட்டுக்குக் கொண்டு வந்துட்டாவன்னு சொன்னாவ.

நான் அழுதேன். அழுதுட்டு, குளிச்சு, வெள்ளச் சேல கட்டுனேன். செபமாலைய எடுத்துக்கிட்டேன். முன் ரூம்ல நாற்காலியப் போட்டு உக்காந்தேன்.

எதுக்கு உக்காந்தேனா? யாராவது வந்து சொல்லுவாவன்னுதான்!

அன்னைக்கு முழுக்க உக்காந்திருந்தேன். எங்க வாசலத் தாண்டி எத்தன காரு போச்சு! ஒருத்தன் நிறுத்தல. எல்லாவனும் ஸ்டியரிங்க விட்டு ஒரு விரல தூக்குதான். அதுதான் இங்க வணக்கம், ஒரு விரலு. அந்த விரல நான் என்ன செய்ய? நூலா எங்க வாசலத் தாண்டி எத்தனையோ தடவ போறா, வாரா. காருக்குள்ள ரொட்டி, பெரிய பாயிலரு, நாற்காலி எல்லாம் தெரியுது. என்னைய ஜன்னல்ல பாத்தா. பாத்துட்டு வண்டிய மெதுவாக்குனா. இப்ப இறங்குவா, இப்ப சொல்லுவான்னு நான் எந்திரிச்சேன். விரல தூக்கிட்டுப் போயிட்டா.

கஸ்பாரு சொன்னாவ, இங்கெல்லாம் சொல்ல மாட்டாவ போலட்டி, நம்மளா போவோம்னு. எனக்கு வந்துச்சே கோவம்! நம்மளா போறதுக்கு நாம என்ன வழிப்போக்கனா? இத்தன நாளு அவ கால அமுக்கிவிட்டவ, மூணாம் மனுசி மாதிரி வரிசையில போயி நிக்கணுமா? சொல்லாத சாவுக்கு எப்படிப் போறது? எனக்கு மானம் இல்லையா? நீங்க போனீயன்னா அங்கயே இருந்துக்கோங்க, இந்தப் படி ஏறாதீயன்னு சொல்லிட்டேன். பாவம், கோட்டப் போட்டுட்டு நின்ன மனுசன் கோட்டக் கழத்திட்டு உக்காந்தாவ.

நீயே சொல்லு பிள்ள, நியாயமா இல்லையா? இரு, இன்னும் கேளு. இவிய நம்ம வீட்டுக்கு எப்படி வருவாவன்னும் சொல்லுதேன்.

போன வருசம் எங்கம்மா தூத்துக்குடியில இறந்துட்டா. டிக்கெட்டு கெடைக்கல, போவ முடியல. அடக்கத்த போன்ல பாத்தேன். அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள எங்கம்மாவ இன்னொரு பெட்டிக்குள்ள வச்சு மூடுனத பாத்தேன். இங்க ஒருத்தருக்கும் நான் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? இவியளுக்கு எங்கம்மாவத் தெரியுமா? கஸ்பாரு பால் வாங்கப் போனவிய கடையில வாய விட்டுட்டாவ. அவ்வளவுதான். மத்தியானத்துக்குள்ள எங்க முற்றம் நிறைய காரு!

நான் ஒருத்தரையும் கூப்பிடல. சொல்லல. தெரிவிக்கல. அவியளா வந்து நிக்காவ. வரிசையா வந்து கையப் புடிச்சு, உன் துக்கத்துக்கு வருத்தப்படுதேன், உன் துக்கத்துக்கு வருத்தப்படுதேன்னு ஒரே பாட்டு. முகம் தெரியாத ஆளெல்லாம். ஆட்டுக்குப் போடுற மருந்து நாத்தத்தோட ஒருத்தன், வயக்காட்டுல இருந்து நேரா வந்துட்டான். அந்த நூலா எங்க அடுப்பாங்கரைக்குள்ள போயி, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம, அடுப்பப் பத்த வச்சா. சாவு வீட்ல அடுப்பு பத்த வைக்கலாமா? அவ வீட்டுக் கப்ப பெட்டியோட கொண்டு வந்து, டீ போட்டு, எல்லாருக்கும் குடுத்து, எனக்கும் குடுத்து, கழுவிக் கவுத்தி வச்சா. எங்கம்மா போட்டோவப் பாத்து, உன்ன மாதிரியே மூக்குன்னா. அப்புறம் மூலையில உக்காந்து சிரிக்காவ பிள்ள! யாரோ ஒருத்தன் அவங்க அம்மா கத சொல்ல, எல்லாரும் சிரிக்காவ. என்னையும் சிரிக்க வச்சிட்டாவ. அன்னைக்கு எனக்கு அவ்வளவு கோவம்.

எல்லாருக்கும் முந்தி வந்தவ பிரைடிதான். வயசானவிய புடிச்சு நடக்குற தள்ளுவண்டி இருக்குல்ல, அதப் புடிச்சு நடந்து வந்தா. காரு எடுக்கல, ஹாரன் அடிக்கல. நடந்து வந்தா. பின்னால கஸ்பாரு அவ தட்டத் தூக்கிட்டு வாராவ. ஆப்பிள் வச்சு சுட்ட பலகாரம். தட்டுக்கு அடியில பிளாஸ்திரி ஒட்டி அவ பேரு எழுதியிருக்கு. நம்ம பாத்திரத்துல பேரு வெட்டுவோம்ல, அது மாதிரி, மாறிப்போகாம திரும்பி வரணும்னு. எம் பக்கத்துல உக்காந்து, என் கையப் புடிச்சுக்கிட்டு, ராத்திரி வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. அவ ஒருத்திதான் ஒண்ணும் பேசல.

சரி, அத விடு. எங்க விட்டேன்?

ஆங், வெள்ளச் சேல. மறுநாளு காலையில எடுக்காவ. எனக்குத் தெரியும், மணி அடிக்கதே கேக்குது. திரைச்சீலைக்குப் பின்னால நின்னு பாக்கேன். கறுப்பு வண்டி மெதுவா வருது. பின்னால அவ்வளவு ஆளு நடந்து வாராவ. முன்னால நூலாவோட காரு. வந்தது வந்த மாதிரி போவ வேண்டியதுதான? அந்தக் கறுப்பு வண்டி எங்க கேட்டுக்கு நேரா வந்து நிக்குது பிள்ள! நின்னுட்டு ஹாரன் அடிக்கான். பாம், பாம்னு!

சவ வண்டி ஹாரன் அடிச்சு நீ எங்கயாவது பாத்திருக்கியா? அதுவும் ஒரு வீட்டு வாசல்ல நின்னு? என்ன திமிரு இருக்கணும்! நீ வரலன்னா எங்களுக்கு ஒண்ணும் இல்ல, உன் வாசல்ல நின்னு ஊரக் கூட்டிக் காட்டுதோம் பாருன்னுதான? பின்னால வந்த ஆளுக அத்தன பேரும் எங்க வீட்டப் பாக்காவ. மழ தூறுது. ஒருத்தரும் அசையல. கஸ்பாரு கதவுப் பூட்டுல கைய வச்சாவ. நான் முன்னால போயி நின்னேன். எங்கால தாண்டிப் போங்கன்னேன். ரொம்ப நேரம் நின்னுச்சு. அப்புறம் திரும்பவும் ஒரு தடவ ஹாரன் அடிச்சான். அப்புறம் போயிட்டு.

அன்னையில இருந்து அந்த ரோட்டுல எங்களுக்கு விரல் தூக்குறவன் இல்ல. கேட்டியா கதைய? தப்பு செஞ்சவிய அவிய. கோவிச்சுக்கிட்டதும் அவிய. காரு வருது, நான் பாக்கேன், அவன் ரோட்டப் பாத்துட்டே போறான். கடையில போனா பாலு, காசு, மீதி, அவ்வளவுதான். ஒரு விரலுக்கு நான் ஏங்குதேன்னு நினைச்சுக்காத. இருந்தாலும் பிள்ள, ஒரு ரோட்டுல இருக்கோம். சாய்ங்காலம் வந்தா போறதுக்கு ஒரு வீடு இல்ல. கஸ்பாரு அவிய பாட்டுக்கு டப்ளின்ல வேலை தேடட்டுமான்னு கேக்காவ. நானும் தேடுங்கன்னுதான் சொல்லியிருக்கேன்.

போன வாரம் நான் விடல. கடையில நூலா நிக்கா. ரொட்டி அடுக்குற எடத்துல வச்சுப் புடிச்சிட்டேன். ஏன் எனக்குச் சொல்லல? எங்க நம்பரு உங்கிட்ட இருக்கா இல்லையா? நான் நாயா, பேயா? கடையில எல்லாரும் பாக்காவ. பாக்கட்டும்.

அவ முகம் செவசெவன்னு ஆயிப்போச்சு. சொல்லணுமான்னு கேக்கா! யாரு யாருக்குச் சொல்லுவா, ரேடியோவுல வாசிச்சான்லங்கா. இங்க உள்ளூரு ரேடியோவுல சாவுச் செய்தி வாசிப்பான், நியூஸ் மாதிரி. ரேடியோ என்ன எனக்குச் சொந்தக்காரனான்னு கேட்டேன். அவ விடல. உங்கம்மா செத்தப்போ எங்களுக்கு யாரு சொன்னா, நாங்க வரலியா, அந்த ரோட்டுல வராத வீடு உங்க வீடு ஒண்ணுதான்னு கத்துதா. கத்திட்டு அழுதா.

அப்புறம் சொன்னா. ஆஸ்பத்திரியில கடைசியா பிரைடி அவகிட்டச் சொல்லிவிட்டாளாம். என்னைய எடுத்துட்டுப் போறப்போ பன்னி வாசல்ல நிறுத்து, ஹாரன் அடி, அவ வந்து ஏறிக்கிடுவா, அவ ஏறாம வண்டி நகரக்கூடாதுன்னு. முன்னால போன காருல எனக்கு எடம் விட்டு வச்சிருந்தாவளாம். வேற யாரையும் உக்கார விடலியாம். அங்க சாமியாரு காத்துக்கிட்டு நிக்காராம். திரும்பவும் ஹாரன் அடிச்சுப் பாத்துட்டு, வெறும் சீட்டோட போனாவளாம்.

கேட்டியா அநியாயத்த? தப்பு எம்மேலயாம்!

ஹாரன் அடிச்சா அது சொன்னதாகுமா? நீ சொல்லு. ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, வண்டிய விட்டு இறங்கி, நாலு எட்டு நடந்து வந்து கதவத் தட்டியிருந்தா கை தேஞ்சா போவும்? அவ்வளவு பேரு மழையில நின்னீயள, ஒருத்தருக்குக் காலு இல்லையா? நான் வெள்ளச் சேல கட்டிட்டு உள்ளதான நின்னேன்! கதவுக்கு இந்தப் பக்கம்தான நின்னேன்! கிழவியச் சொல்லணும். சாவுறப்போ கூட வாசல்ல வந்து ஹாரன் அடிக்கத்தான் தெரிஞ்சிருக்கு அவளுக்கு. நூலாகிட்ட, பன்னிக்குப் போயிச் சொல்லுன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?

இல்ல, அழல. இந்த பஸ்ஸுல ஹீட்டரு போட்டாவன்னா எனக்குக் கண்ணு எரியும்.

இந்தா, இந்தத் துணியப் புடி. பொட்டலம் சரியுது. என்னன்னு கேக்கியா? மக்ரூன். எங்க ஊரு மக்ரூன், முந்திரியும் முட்ட வெள்ளையும் போட்டது. கிழவிக்கு அதப்பத்திச் சொல்லிச் சொல்லி, என்னைக்குத்தான் செஞ்சு தருவன்னு கேட்டுட்டே இருந்தா. அவ தட்டு எங்க வீட்லயே கெடந்துச்சு. வெறுந்தட்ட எப்படித் திருப்பிக் குடுக்க? மக்ரூன் செஞ்சு அதுல வச்சுத் தரலாம்னு இருந்தேன். நாளைக்கு, நாளைக்குன்னு போயிட்டு. இன்னைக்குக் காலையில கூட வேல பாக்குற பிள்ளைகளுக்குக் குடுக்கலாம்னு செஞ்சேன். குடுக்கல. அதுகளுக்கு எதுக்கு, அதுக சாக்லேட்டு திங்குறதுக. ஏட்டி, எடுக்காத! எண்ணி வைக்கல, இருந்தாலும் எடுக்காத. உனக்கு வேற செஞ்சு தாரேன்.

ஆமா, அது அவ தட்டுதான். பிளாஸ்திரி இன்னும் இருக்கு பாரு, அடியில.

இன்னைக்கு அவளுக்கு முப்பதாம் நாள் பூசை. இங்கயும் நம்மள மாதிரியே அது உண்டு. காலையில ரேடியோவுல வாசிச்சான். ஆமா, கேக்கேன், இப்ப தினமும் கேக்கேன், இனிமே எவனும் என்ன ஏமாத்த முடியாதுல்ல. எல்லாரும் வரலாம்னு வாசிச்சான். எல்லாரும்னா? எம் பேரச் சொன்னானா? எங்க வீட்டுக்கு யாரும் வந்து சொன்னாவளா? போன வாரம் அவ்வளவு கத்தினாளே அந்த நூலா, பூசைக்கு வான்னு ஒரு வார்த்த சொல்லல. நான் போவ மாட்டேன்னு கஸ்பாருகிட்ட காலையிலயே சொல்லிட்டேன். அவிய சரின்னாவ. கோட்ட மட்டும் இஸ்திரி போட்டு எடுத்துக்கிட்டு, வேல முடிஞ்சு நேரா கோயிலுக்கு வந்து நிக்கேன், உனக்கு எங்க இறங்கணும்னு தோணுதோ அங்க இறங்கிக்கோன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ. இந்த ஆளுக்கு இப்பத்தான் வாய் வந்திருக்கு.

அந்தா தெரியுது பாரு, கூரைக்கு மேல சிலுவ. பிள்ள, பஸ்ஸ நிறுத்த அந்தச் சிவப்புப் பட்டன அமுக்கு. எனக்கு ரெண்டு கையும் தட்டுல இருக்கு. அமுக்கிட்டியா? நான் தட்டக் குடுக்கத்தான் போறேன். அடுத்தவிய பாத்திரத்த வச்சுக்கிட்டு இருக்க ஆளு நான் இல்ல. குடுத்துட்டு, அந்த நூலாகிட்ட இன்னும் ரெண்டு கேள்வி பாக்கி இருக்கு, அதையும் கேட்டுட்டு வந்துருவேன்.

அடேயப்பா, எத்தன காரு.

இந்த டிரைவரு எப்பவும் பட்டுனு பிரேக்குப் போடுவான், என் தோளக் கொஞ்சம் புடி. ஆங். இரு, ஒரு நிமிசம் நிக்கட்டும், அவன் ஒண்ணும் போயிர மாட்டான்.

பிள்ள, நல்லா கேட்டுக்கோ. டேரிமோர் ரோட்டுக் கடைசி வீட்டுப் பிரைடி இறந்துட்டா. இன்னைக்கு முப்பதாம் நாளு, ஏழு மணிக்குப் பூசை. நேர்ல சொல்லிட்டேன், முகத்தப் பாத்துச் சொல்லிட்டேன். நாளைக்கு எனக்குச் சொல்லலன்னு வந்து நிக்கக்கூடாது. பையத் தூக்கு, வா.